வெள்ளையின் நீலப் பாதி

“வெள்ளைன்னா சொல்ற? எனக்கு என்னமோ வெளுத்துப்போன மஞ்சளாத்தான் தெரியுது.”

“கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க சார். மஞ்சள் அதுலதான் இருக்கு,” என்றேன்.

பேராசிரியர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்துக்கும் விளக்குக்கும் நடுவே நான் தடுப்புப் பலகையை நகர்த்தி வைத்தேன். இருட்டறையில் நாங்கள் நான்கு பேர் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டைச் சுற்றி நின்றிருந்தோம். தட்டில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய படிகங்கள் கிடந்தன. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி அவற்றின் மேல் விழ, அவை வெள்ளையாக ஒளிர்ந்தன. விளக்கின் வெள்ளை அல்ல. காலையில் திரைச்சீலைக்குப் பின்னால் சன்னல் இருக்குமே, அந்த வெள்ளை.

“ஆமா,” என்றார் பேராசிரியர். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, “ஆமா, வெள்ளைதான்” என்றார்.

“அண்ணி, பேசாம இதுல ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க,” என்றான் வானொலி. “கரண்ட் போனா உதவும்.”

“கரண்ட் போனா புற ஊதா விளக்கை எதுல எரிப்ப? உன் வாயிலயா?” என்றார் அண்ணி.

அண்ணி எனக்குத்தான் அண்ணி. என் அண்ணனின் மனைவி. ஆனால் நான் இந்த ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் வாய் தவறி எல்லோர் முன்னாலும் அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். அன்றிலிருந்து தரை துடைப்பவர் முதல் பக்கத்துக் கட்டடத்து ஆராய்ச்சியாளர்கள் வரை எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். வயதில் அவருக்கு அப்பாவாக இருக்கக்கூடிய பேராசிரியரே ஒருமுறை “அண்ணிகிட்ட கேட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு, இருமல் வந்தது போல் இருமினார். வானொலி என்பது எங்களுடன் வேலை பார்ப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர். காலையில் கதவைத் திறந்ததும் தொடங்குவான். நிறுத்தும் பொத்தானை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

படிகம் வளர்ப்பது அண்ணியின் வேலை. படிகம் விடும் ஒளியை அளப்பது என் வேலை. வானொலி இரண்டையும் படம் போட்டுக் கட்டுரையாக்குவான்.

அன்று இருட்டறையில் யாரும் கைதட்டவில்லை. ஆனால் அந்தத் தட்டில் கிடந்தது சாதாரணப் பொருள் அல்ல. இந்த வகைப் படிகங்களில் பளிச்சென்று ஒளிர்பவை பெரும்பாலும் ஈயம் கலந்தவை. ஈயம் விஷம், தண்ணீர் பட்டால் கரைந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் குழு ஈயம் இல்லாமல் செய்யப் பார்க்கிறது. அண்ணியின் படிகத்தில் ஈயத்தின் இடத்தில் ஆன்டிமனி. ஒவ்வொரு ஆன்டிமனி அணுவும் தன்னைச் சுற்றிக் குளோரின் அணுக்களால் ஒரு கூடு கட்டிக்கொண்டு உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கும். ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் இடையில் பருத்த கரிம மூலக்கூறுகள் சுவர் மாதிரி நிற்கும். ஒன்றை ஒன்று தொடாது. தொடாமல் இருப்பதால்தான் அவை ஒளிர்கின்றன. உள்ளே விழுந்த சக்தி பக்கத்துக் கூட்டுக்கு ஓடிப்போக வழியில்லாமல் விழுந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது. அதன் பாரத்தில் கூடு நெளிந்து பள்ளமாகிறது. அந்தப் பள்ளத்தில் கிடந்து, கொண்டுவந்ததில் ஒரு பங்கைச் சூடாக இழந்து, மிச்சத்தை வேறொரு நிறத்தில் வெளியே விடுகிறது.

ஆன்டிமனி வழக்கமாக விடுவது ஆரஞ்சு. அண்ணியின் படிகம் ஆரஞ்சோடு நீலத்தையும் விட்டது. இரண்டும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. ஒரே படிகம், ஈயம் இல்லை, வெள்ளை ஒளி. ஆன்டிமனியிடமிருந்து நீலமும் வரலாம் என்றுதான் கணக்கும் சொல்லியது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. நானும்தான்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வியாழக்கிழமை தேர்வுக் குழு வரும்போது இந்தத் தட்டை இதே மேசையில் இப்படியே வைத்தால் போதும், தான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது என்றார். அதற்குள் படிகத்தைக் குளிரவைத்து ஒருமுறை அளந்துவிடு என்று என்னிடம் சொன்னார். இரண்டு நிறமும் படிகத்துக்குள்ளிருந்துதான் வருகின்றன என்று காட்ட ஒரு படம் இருந்தால், குழுவில் யாரும் மூக்கை நுழைக்க மாட்டார்கள். பிறகு அண்ணியிடம் திரும்பினார்.

“நீ எதையும் மாத்தாத. எந்தக் காலை முதல்ல வெச்சு உள்ள வர்றியோ, அதைக்கூட மாத்தாத.”

தேர்வுக் குழு ஆள் எடுக்கப்போவது ஒரே ஒரு நிரந்தர வேலைக்கு. எங்களுக்கு அது வேலை மட்டும் அல்ல. நாங்கள் குடியிருப்பது நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில். அண்ணன் இங்கே நிர்வாக அலுவலகத்தில் நிரந்தர ஊழியராக இருந்தார். வீடு அவர் பெயரில் இருந்தது. போன வருடம் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அண்ணியும் நானும் தற்காலிக ஊழியர்கள். தற்காலிகத்துக்கு வீடு கிடையாது. அண்ணன் முகத்துக்காக இத்தனை நாள் விட்டுவைத்திருந்தார்கள். அண்ணிக்கு வேலை நிரந்தரமானால் வீடு அவர் பெயருக்கு மாறும். அம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் இப்போது இருப்பது போலவே இருந்துகொள்ளலாம். இல்லையென்றால் அம்மா என் அக்கா வீட்டுக்கு, அண்ணி தன் அண்ணன் வீட்டுக்கு, நான் எங்காவது ஒரு ஒற்றை அறைக்கு. மாடி அறையில் அம்மாவுக்குக் கட்டில் போட்டாகிவிட்டது என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

இப்போது இருப்பது போல என்றேன். அது எப்படி என்று சொல்வது கடினம். பல் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போட்டு வெளியே உட்காரவைப்பார்களே, அப்படி மூன்று பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவ்வப்போது கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வோம். அம்மா தொலைக்காட்சியைச் சத்தம் இல்லாமல் வைத்துப் பார்ப்பாள். செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்தே “யாரோ பெரிய மனுஷன் போயிட்டாரு போல” என்பாள். அண்ணி வேலையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே ஊமைத் தொலைக்காட்சியைப் பார்ப்பார். நான் சமையலறையில் நின்றபடி சாப்பிடுவேன். உப்பு இருக்கிறதா என்று அம்மா அங்கிருந்தே கேட்பாள். இருக்கிறது என்பேன். இருந்ததா என்று எனக்கு உண்மையில் தெரியாது.

ஆனாலும் ஒருவர் வீடு திரும்ப நேரமானால் மற்ற இருவரும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்போம். அது எப்போது வழக்கமானது என்று தெரியவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அண்ணன் போவதற்கு முன்பு அண்ணியின் படிகங்கள் பொடிப்பொடியாக, கலங்கலாக வரும். உடைந்த ஊறுகாய்ப் பாட்டிலின் கண்ணாடித் தூள் என்பான் வானொலி. காரியம் எல்லாம் முடிந்து அண்ணி வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அவை பெரிதாக, முனை மழுங்காமல் வளர ஆரம்பித்தன. நீலமும் அப்போதுதான் வந்தது. துக்கத்தில் கை நிதானப்படும் என்று தன் அத்தை சொல்வதாக வானொலி ஒருநாள் விளக்கம் கொடுத்தான். அத்தை என்ன வேலை பார்க்கிறார் என்று அண்ணி கேட்டார். சும்மாதான் இருக்கிறார் என்றான். “அதான் இவ்வளவு தெரிஞ்சிருக்கு” என்றார் அண்ணி.

செவ்வாய்க்கிழமை காலை படிகம் ஒன்றைச் செப்புத் தண்டின் நுனியில் ஒட்டி, குளிர்கலத்துக்குள் இறக்கி, திரவ நைட்ரஜனை ஊற்றினேன். குழாயில் வெண்பனி படிந்தது. திரையில் இரண்டு மேடுகள் இருந்தன: இடது பக்கம் நீலம், வலது பக்கம் அகலமாக ஆரஞ்சு. வெப்பம் இறங்க இறங்க ஆரஞ்சு உயர்ந்தது, ஒடுங்கியது, கொஞ்சம் நகரவும் செய்தது. அப்படித்தான் செய்ய வேண்டும். கூடு குளிரில் இறுகும்போது அதற்குள் பிறந்த ஒளி சும்மா இருக்க முடியாது.

நீலம் சும்மா இருந்தது.

மேலும் குளிரவைத்தேன். ஆரஞ்சு திரையின் உச்சியைத் தொட்டது. நீலம் இருந்த இடத்தில், இருந்த உயரத்தில், இருந்த வடிவத்திலேயே நின்றது. வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் வந்து சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி இருந்தது அது.

கருவியில் கோளாறு என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கழற்றி மாட்டி மறுபடி அளந்தேன். அதேதான். அதே குப்பியிலிருந்து இன்னொரு படிகத்தை எடுத்தேன். நீலம் பாதியாக இருந்தது. மூன்றாவதில் நீலமே இல்லை, வெறும் ஆரஞ்சு. ஒரே கரைசல், ஒரே குப்பி, ஒரே கை. வானொலி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தான். கூடப்பிறந்ததுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டமா, தன் தம்பியைப் பார்த்தால் யாராவது தன் தம்பி என்று சொல்வார்களா என்று கேட்டுவிட்டுப் போனான். அன்று நான் அண்ணியிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் அவர் வியாழக்கிழமைக்கு உடுத்த ஒரு புடவையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அருகில் நின்று மடிப்புக் கலையாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் இழுக்க இன்னொருத்தர் விடுவது அளவாக இருந்தது.

புதன்கிழமை காலை படிகத்தை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, மற்ற விளக்குகளை அணைத்து, புற ஊதாவைப் போட்டேன்.

படிகம் முழுக்க ஆரஞ்சு. ஓர் அறை நிறைய மாலை வெயில் போல. அதன் நடுவில், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, ஒரு நீல இழை ஓடியது. முடியோ என்று முதலில் நினைத்தேன். முடி உருண்டையாக இருக்கும். இது தட்டையாக, நாடாவை முறுக்கியது போல இருந்தது. அப்படி முறுக்கிக்கொள்வது பருத்தி. வெள்ளையாக ஒளிர்ந்த படிகங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு இழைகள். இன்னொன்றில் சிக்குப்பிடித்த ஒரு கொத்து. வெறும் ஆரஞ்சாக இருந்ததில் இழை இல்லை. கண் தூரத்திலிருந்து இரண்டையும் சேர்த்துப் பார்த்து வெள்ளை என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

படிகங்கள் பெரிதானதன் காரணமும் அதுதான். படிகம் பிறக்க ஒரு பிடிமானம் வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் அது கிடைக்காமல் கரைசல் வெகுநேரம் தடுமாறும். பிறகு அவசர அவசரமாகப் பொடியாக உதிரும். இழை இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு நிதானமாக வளரும், அதையே உள்ளே வைத்து மூடிக்கொள்ளும்.

என் மேலங்கியிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். சோப்புத்தூளில் ஒரு சாயம் போடுகிறார்கள். அது புற ஊதாவை வாங்கி நீலத்தை விடும். துணியின் மஞ்சள் மறைந்து, வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். கையில் புற ஊதா டார்ச்சை எடுத்துக்கொண்டு, திரைகளை இழுத்துவிட்டு, ஆய்வகத்துக்குள் நடந்தேன். ஆய்வகச் சலவைக்குப் போகும் என் மேலங்கி மங்கலாகத்தான் ஒளிர்ந்தது. மேசைக்குக் கீழே வானொலியின் காலுறைகள் இரண்டும் தனியாக நடந்துவந்தவை போல நீலமாக நின்றன. இங்கே என்ன பேய் ஓட்டுகிறாயா என்று அவன் கேட்டான். நான் நேராக அண்ணியின் மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன்.

உள்ளே முழுக்க நீலம். சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிய வெள்ளைத் துணி. மேலே இருந்த ஒன்றை எடுத்தேன். அதில் பாதிச் சட்டைப்பை இருந்தது. பையின் மூலையில் ஒளிராத ஒரு கருப்பு வட்டம். மை. அண்ணன் பேனாவை மூடாமல் பையில் போடுவார். வீட்டுக்கு வந்ததும் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு அம்மாவிடமிருந்து அதை மறைக்கப் பார்ப்பார்.

யாருடையது என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன், லிஃப்டுக்காக நிற்பது போல. வரவில்லை.

“என்ன தேடற?”

அண்ணி வேதிப்பொருள் கிடங்கிலிருந்து வந்து கையில் பாட்டிலோடு நின்றிருந்தார். என் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், இழுப்பறையைப் பார்த்தார். பாட்டிலைப் பத்திரமாக மேசையில் வைத்தார்.

“புதுசா வாங்கிப்போட்ட டிஷ்யூ தூள் விடுது,” என்றார். “குப்பியைத் துடைச்சா உள்ள மாவு மாதிரி ஒட்டிக்குது. பழைய துணின்னா மெத்துனு இருக்கும். தூள் விடாதுன்னு நெனச்சேன்.”

நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். குளிரில் நீலம் அசையாததை, இழையை, இழை இல்லாத ஆரஞ்சை. அவர் மைக்ரோஸ்கோப்பிடம் போய் உட்கார்ந்து, கண்ணை வைத்து, கைப்பிடியை மெல்லத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாத்துலயுமா?”

“வெள்ளையா இருக்கற எல்லாத்துலயும்.”

“அம்மா சோப்புத்தூளை ரெண்டு பங்கு போடுவாங்க,” என்றார், கண்ணை எடுக்காமலே. “வெள்ளைன்னா கண்ணு கூசணும்பாங்க.”

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, குளிரவைத்து அளந்த படத்தைக் கொடுக்காமல் கருவி பழுது என்று சொல்லிவிடலாம், நாளை ஒருநாள் போகட்டும், வேலை கையில் வரட்டும், வீடு பேர் மாறட்டும் என்றேன். அண்ணி தலையை நிமிர்த்தினார். கண்ணைச் சுற்றி மைக்ரோஸ்கோப்பின் வட்டம் பதிந்திருந்தது.

“சரி. வேலை வந்துடுச்சு. மறுவாரம் நாலு ஊர்ல நாலு பேர் இதை வளர்த்துப் பார்ப்பாங்க. வெள்ளை வராது. எப்படிம்மா உனக்கு மட்டும் வந்துதுன்னு எழுதிக் கேப்பாங்க. நீ என்ன பண்ணுவ தம்பி? உங்க அண்ணன் சட்டையைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒண்ணு கூரியர்ல அனுப்புவியா?”

அது நல்ல ஜோக்தான். அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அவர் இழுப்பறையிலிருந்து துணிகளை எடுத்து, ஓரம் சேர்த்து, மறுபடி அடுக்கினார். “அலமாரியைத் தொறந்தா வரிசையாத் தொங்கிட்டு இருந்துது,” என்றார். “ஒரு நாள் ஒண்ணை எடுத்துட்டு வந்து இங்க உட்கார்ந்து வெட்டினேன். வெட்டறப்பவாவது அழுகை வரும்னு நெனச்சேன். கத்தரிக்கோல் மொக்கை. அதுதான் தெரிஞ்சுது. அப்புறம் துணி வேலைக்கு நல்லா இருந்துது. அதனால அடுத்தது. அப்புறம் அதுக்கு அடுத்தது.”

பிறகு கையைக் கழுவிக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனார்.

அந்த அறையின் சுவர் கண்ணாடி. சத்தம் வராது. நான் என் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி நின்றபடி பேசினார். பேராசிரியர் முதலில் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மேசை மேல் இருந்த எதையோ நேராக வைத்தார். என்ன பேசினார்கள் என்பது அண்ணி பிற்பாடு சொல்லித்தான் தெரியும். நீலத்தில் கொஞ்சமாவது படிகத்துடையது இருக்குமா என்று அவர் கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறார் அண்ணி. அவ்வளவு பெரிய படிகம் இழை இல்லாமல் வருமா என்று கேட்டிருக்கிறார். வராது என்றிருக்கிறார். யாருடைய துணி என்று அவர் கேட்கவில்லை. அது தனக்கு நிம்மதியாக இருந்ததாக அண்ணி சொன்னார். கடைசியில் பேராசிரியர், குழு எப்படியும் வரும், இருப்பதைக் காட்டு, நான் பேசிப்பார்க்கிறேன் என்றிருக்கிறார். குழு வரும்போது ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தவர்.

வெளியே வந்ததும் அண்ணி பெரிய படிகங்களை எல்லாம் கரைத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கரைப்பான் திரவத்தில் சரித்துவிட்டார். அவை ஓரத்திலிருந்து சுருங்கி, கண்ணாடி போலாகி, காணாமல் போயின. அடியில் பஞ்சு போல ஏதோ கொஞ்சம் மிதந்தது. அதை வடிகட்டித் தாளில் எடுத்து, தாளை மடித்துக் குப்பையில் போட்டார். வானொலி எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எதையோ சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டான். அந்தப் பொத்தான் இருக்கத்தான் செய்கிறது என்று அன்று தெரிந்தது. அண்ணி துடைக்காத புதுக் குப்பிகளில் கரைசலை ஊற்றி வைத்தார்.

வியாழக்கிழமை காலைக்குள் அவற்றில் பொடிதான் வந்திருந்தது. குழுவில் வந்தவர்கள் இருட்டறையில் தட்டைச் சுற்றி நின்றார்கள். ஆரஞ்சுப் பொடி நன்றாகவே ஒளிர்ந்தது. அண்ணி ஆன்டிமனியைப் பற்றி, கூடுகளைப் பற்றி, குளிரில் அந்த ஒளி எப்படி மாறுகிறது என்பதைப் பற்றிச் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குழுவில் இருந்த அம்மாள் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, இதில் வெள்ளை வருகிறது என்று கேள்விப்பட்டோமே என்றார்.

“வந்துது. அது படிகம் இல்ல, துணி நூல்,” என்றார் அண்ணி. “நேத்துதான் தெரிஞ்சுது.”

அந்த அம்மாள் நிமிர்ந்து அண்ணியை ஒரு கணம் பார்த்தார். நேர்மையான பதில் என்று பாராட்டினார். மற்றவர்களும் தலையசைத்தார்கள். பாராட்டிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள். அங்கே ஒருவர் எக்ஸ் கதிரைக் கண்டறியும் படிகம் வளர்க்கிறார். அவருடையது செப்பும் அயோடினும் கலந்தது. நீலம், அசல் நீலம். மதியம் மூன்று மணிக்கெல்லாம் வேலை அவருக்கு என்று தெரிந்துவிட்டது. வானொலி போய் அவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்து, அவர் கை ஈரமாக இருந்ததாகச் சொன்னான். பேராசிரியர் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. குவார்ட்டர்ஸ் பிரிவிலிருந்து அண்ணிக்கு ஒரு போன் வந்தது. சரி, சரி, மாதக் கடைசிக்குள், சரி என்றார்.

மாலையில் இருவரும் சேர்ந்தே நடந்தோம். வழக்கமாக அவர் முன்னால் போய்விடுவார். ஆய்வகத்திலிருந்து குவார்ட்டர்ஸ் வரை மரம் இல்லாத நேர்ச் சாலை. வெயில் சாய்ந்து எங்கள் நிழல்கள் முன்னால் நீண்டு போயின. அண்ணியின் புடவையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. வேறு ஊரில் ஓர் ஆய்வகத்துக்கு எழுதிப்போடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். தன் அண்ணன் வீட்டில் பிள்ளைகள் படிக்கும் அறையைத்தான் தனக்குக் கொடுப்பார்கள், அதுவரை சமாளிக்கலாம் என்றார். நான் அறை பார்க்கிறேனா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ் வந்து நின்றோம். மாடியில் எங்கள் சன்னலில் தொலைக்காட்சியின் வெளிச்சம் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் தலை தெரிந்தது. நாங்கள் வருகிறோமா என்று அவ்வப்போது திரும்பி வாசலைப் பார்ப்பாள். கீழே பார்க்கத் தோன்றாது. அண்ணி முதல் படியில் காலை வைத்துவிட்டு நின்றார்.

“வீடு போறதை நான் சொல்லிடறேன்,” என்றார். “அது கஷ்டம் இல்ல. அம்மா எதிர்பார்த்துட்டுதான் இருக்காங்க.”

நான் ஏறப் போனேன். அவர் நகரவில்லை.

“காலி பண்றப்ப பரண்ல இருக்கற பெரிய பெட்டியை இறக்கணும். அவர் சட்டையெல்லாம் அதுல அந்துருண்டை போட்டு வெச்சிருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். நேத்துகூடக் கேட்டாங்க, ஒரு நாள் எடுத்து வெயில்ல போடலாமான்னு. அடுத்த வாரம் போடலாம்மான்னு சொல்லிட்டேன்.” கைப்பிடிச் சுவரில் காய்ந்திருந்த சுண்ணாம்பை விரலால் தேய்த்தார். “பெட்டியில ஒண்ணும் இல்ல தம்பி. ஒரே ஒரு சட்டைகூட மிச்சம் வெக்கல நான்.”

மேலே அம்மா எழுந்து நின்று வாசல் விளக்கைப் போட்டாள். மாடிப்படியில் வெளிச்சம் இறங்கி வந்து பாதியில் நின்றது.

“அதை மட்டும் அவங்ககிட்ட நீ சொல்றியா?”